மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு நூல்கண்டு



சமையல், குழந்தை வளர்ப்பு, கை வைத்தியம் என்று எழுதிக்கொண்டிருப்பவள் இந்த முறை மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதப் போகிறேன். "அது ஆம்பிளைங்க சமாசாரமாச்சே!" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். வண்டி நிற்பது நம் வீட்டு வாசலில். அதைச் சுற்றி ஓடி விளையாடுவது நம் வீட்டுக் குழந்தைகள். அப்புறம் எப்படி அது ஆண்கள் சமாசாரம் மட்டும் ஆகும்?

மூன்று மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் மகன் வாசலில் உட்கார்ந்து பைக்கின் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தான். பழைய வண்டிகளில் சென்டர் ஸ்டாண்டு இருந்தது. காலால் ஒரு மிதி மிதித்தால் பின் சக்கரம் தூக்கிக்கொண்டு நிற்கும். இப்போது வரும் பல பைக்குகளில் அது கிடையாது, சைடு ஸ்டாண்டு மட்டும்தான். ஆனால் சக்கரம் சுற்றினால்தானே செயின் முழுவதையும் துடைக்க முடியும்? அதனால் வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்து, மறுபக்கம் செங்கல்லும் ஒரு கட்டையும் முட்டுக் கொடுத்து, பின் சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்தியிருந்தான்.

"அப்பா, நானு!" என்று இரண்டு வயதுப் பேத்தி பக்கத்தில் போய் நின்றாள். என் மருமகள் என்ன நினைத்தாளோ, கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடிப் போய்க் குழந்தையைத் தூக்கினாள். அடுத்த நிமிஷம் கட்டை நழுவியது. வண்டி குலுங்கி முன்னால் நகர, சைடு ஸ்டாண்டு மடங்கி, குழந்தை நின்ற பக்கமே சாய்ந்து விழுந்தது. நூற்றைம்பது கிலோவுக்கு மேல் கனம்! தரையில் ஒரு ஓடு உடைந்ததோடு போயிற்று. அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

"இனிமே வீட்டுல செயின் துடைக்க வேண்டாம்டா, மெக்கானிக்கிட்டயே விட்டுடு" என்றேன்.

"எப்பப் பார்த்தாலும் கடைக்கு ஓட முடியுமாம்மா? ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவையாவது செயினுக்கு எண்ணெய் போடணும்" என்றான். அதுவும் நியாயம்தான்.

தெரு முனை மெக்கானிக்கிடம் கேட்டதற்கு அவர் சொன்ன யோசனைதான் இந்தக் கட்டுரை. "பின்னாடி தூக்குற ஸ்டாண்டு ஒண்ணு வாங்குங்கம்மா. அது பிடிச்சுக்கறதுக்கு வண்டியில ரெண்டு ஸ்பூல் மாட்டிட்டா போதும்."

ஸ்பூல் என்றால் என்னவோ என்று நினைத்தேன். கையில் வாங்கிப் பார்த்தால், நம் தையல் மெஷினில் மாட்டும் நூல்கண்டு மாதிரியே இருக்கிறது! இரண்டு ஓரமும் அகன்று, நடுவில் இடுப்பு சிறுத்து, குறுக்கே ஒரு போல்ட் போக ஓட்டை. அலுமினியத்திலும் கெட்டியான பிளாஸ்டிக்கிலும் வருகின்றன. பின் சக்கரத்தை இரு பக்கமும் தாங்கிப் பிடிக்கும் கை ஒன்று உண்டல்லவா, அதை ஸ்விங் ஆர்ம் என்கிறார்கள். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்பூல். ஸ்டாண்டில் உள்ள இரண்டு கொக்கிகள் அந்த இடுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓரம் அகன்றிருப்பதால் கொக்கி பக்கவாட்டில் நழுவாது.

பல பைக்குகளில் இதற்கென்றே ஸ்விங் ஆர்மில் மரை வெட்டிய துளை இருக்கிறது. துளை இல்லாத வண்டிக்கு, "போட்டுத் தர்றேன்" என்று யாராவது சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். பாரம் தாங்கும் பாகம் அது. அப்படிப்பட்ட வண்டிக்கு, ஸ்விங் ஆர்மின் அடியில் ரப்பர் பதித்துத் தாங்கும் ஸ்டாண்டு தனியாகக் கிடைக்கிறது.

வாங்கும்போது போல்ட்டின் அளவு முக்கியம். 6, 8, 10 மில்லிமீட்டர் என்று வருகின்றன. 10 மில்லிமீட்டரிலேயே மரையின் இடைவெளி 1.25, 1.5 என்று இரண்டு விதம். பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், மாற்றிப் போட்டால் மரை போய்விடும். ஆகவே வண்டியின் பெயர், வருஷம் இரண்டையும் சொல்லிக் கேட்டு வாங்குவதே நல்லது.

வலப்பக்கத்தை என் மகன் மாட்டினான். இடப்பக்கத்தை நான் மாட்டினேன். ஆமாம், நானேதான்! வண்டி சைடு ஸ்டாண்டில் நிற்கும்போதே மாட்டிவிடலாம். முதலில் துளையில் இருந்த மண்ணையும் பிசுக்கையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்தோம். பிறகு போல்ட்டை ஸ்பூலுக்குள் விட்டு, துளையில் நேராக வைத்து, வெறும் விரலால் திருகினேன். ஸ்பேனரையோ ஆலன் கீயையோ அப்போது தொடக்கூடாது. ஊறுகாய் பாட்டில் மூடி கோணலாக ஏறினால் நமக்குக் கையிலேயே தெரிகிறதல்லவா, அதே மாதிரிதான். முதல் தடவை எனக்கு இறுக்கிப் பிடித்தது. கழற்றி, இன்னும் கொஞ்சம் நேராகப் பிடித்துத் திருகினேன். நாலைந்து சுற்று வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. அதற்கப்புறம்தான் ஆலன் கீ. முழு பலத்தையும் காட்டக்கூடாது. பல வண்டிகளில் ஸ்விங் ஆர்ம் அலுமினியம், போல்ட் இரும்பு. அழுத்தினால் அலுமினியத்தின் மரைதான் அழியும். வண்டியின் அதிர்வில் போல்ட் தளராமல் இருக்க, மரையில் தடவும் நீல நிறப் பசை ஒரு சொட்டு விட்டோம். ஒரு வாரம் ஓட்டியபின் மறுபடி இறுக்கம் பார்த்தோம்.

வண்டியைத் தூக்குவதிலும் முறை இருக்கிறது. கெட்டியான, சமமான தரை வேண்டும்; சரிவும் மண் தரையும் உதவா. முன் பிரேக்கை ஒரு ரப்பர் பட்டையால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிட்டால் முன் சக்கரம் உருளாது. ஒருவர் வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பின்னாலிருந்து ஸ்டாண்டைக் கொண்டுவந்து, இரண்டு கொக்கியும் இரண்டு ஸ்பூலிலும் சரியாக உட்கார்ந்ததா என்று குனிந்து பார்க்க வேண்டும். பிறகு ஸ்டாண்டின் கைப்பிடியைத் தரையை நோக்கி அழுத்தினால் பின் சக்கரம் எழும்பிவிடும். இறக்கும்போது, முதலில் சைடு ஸ்டாண்டை நீட்டி வைத்துவிட்டுத்தான் இறக்க வேண்டும். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் மேல் யாரும் ஏறி உட்காரக்கூடாது.

இனி நான் சொல்லப்போவதை உங்கள் வீட்டுக்காரரிடமும் பிள்ளையிடமும் கண்டிப்பாகப் படித்துக் காட்டுங்கள்.

இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு செயினைத் துடைக்கவே கூடாது. "சக்கரம் தானா சுத்துது, சுலபமா இருக்கு" என்பார்கள். துணியின் நுனி செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். கையை எடுக்க அவகாசமே இருக்காது. சாவியைக் கழற்றி எடுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் போதும். கையால் சுற்றும்போதும் குழந்தையின் பிஞ்சு விரலை நசுக்க அந்தப் பல்சக்கரத்துக்கு பலம் உண்டு. அதனால் எங்கள் வீட்டில் இப்போது ஒரு சட்டம்: செயின் துடைக்கும் நேரத்தில் பேத்தி வாசற்கதவுக்கு உள்ளே, கதவு தாழ் போட்டு.

அடுத்தது மண்ணெண்ணெய். செயின் துடைக்க அதைத் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் குழந்தை எடுத்துக் குடித்துவிடும். அப்படிக் குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விட்டால் ஆபத்து அதிகம். அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சூடான சைலன்சரில் பட்டுக் காலில் கொப்புளம் வந்தால், குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். பல் பசை, மை, வெண்ணெய் எதுவும் வேண்டாம்.

விரல் நசுங்கி ரத்தம் வந்தால் காப்பித் தூளையோ மஞ்சளையோ அப்பாதீர்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். சொல்லவே மனசு வரவில்லை, இருந்தாலும் தெரிந்திருக்க வேண்டும்: விரல் துண்டாகிவிட்டால் அந்தத் துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்துக் கொண்டு போகவேண்டும். ஐஸ் நேராக அதன்மேல் படக்கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது நாமும் ஒரு வேலை செய்யலாம். சக்கரத்தை மெல்லச் சுற்றி, டயரில் ஆணி ஏதும் ஏறியிருக்கிறதா என்று பார்க்கலாம். சேலைத் தலைப்பு சக்கரத்தில் மாட்டாமல் தடுக்கும் மறைப்பு ஆடாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பின்னால் உட்காருபவரின் துணி சிக்காமல் இருக்க, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்கவேண்டும் என்று 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. அழகுக்காக அதைக் கழற்றிப் போடும் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமையும் செயின் துடைத்தார்கள். மகன் வண்டியை நிமிர்த்திப் பிடிக்க, மருமகள் ஸ்டாண்டை வைத்து அழுத்தினாள். சக்கரம் அலுங்காமல் எழும்பி நின்றது. "அத்தை, இப்ப நானே தூக்கிட்டேன் பாருங்க!" என்றாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து பார்த்த பேத்தி கை தட்டினாள். நான் அடுப்பில் வைத்த சாம்பாரை இறக்கப் போனேன். அன்றைக்கு எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

மற்றவை அடுத்த இதழில்.