மூழ்கிய கப்பல்களும் நமது வாலிபர்களும்

கடலடியில் கிடக்கும் கப்பல்களைக் கண்ணால் கண்டு வரவேண்டும் என்னும் ஆவல் நமது வாலிபரிடையே வளர்ந்து வருகிறது. ஸ்கூபா முக்குளிப்பில் முதற் சான்று பெற்ற கையோடு, "குறைந்த செலவில் எங்கே போகலாம்?" என்று அவர்கள் கேட்கின்றனர். இதனை வெறும் உல்லாசப் பேச்சென்று தள்ளிவிட நாம் உடன்படோம். காரைக்காலை அடுத்த கிளிஞ்சல்மேடு போன்ற கரையோர ஊர்களில், கடலையே விளைநிலமாகக் கொண்ட குடும்பங்களில் பிறந்த இளைஞருக்கு, இவ்வித்தை நாளைக்கு ஒரு பிழைப்பாகவும் ஆகக்கூடும். ஆகவே இக்கேள்விக்கு நேரான விடை வேண்டும்.

புதியவர்கள் கப்பலின் புகழைக் கேட்கிறார்கள்; அல்லது கட்டணத்தைக் கேட்கிறார்கள். முதலில் கேட்கவேண்டியது ஆழத்தை என்பதே நமது அபிப்பிராயம். உலகெங்கும் வழங்கும் பயிற்சி முறைப்படி, முதற் சான்று பெற்றவர்க்கு எல்லை 18 மீட்டர். அடுத்த படியேறியவர்க்கு 30 மீட்டர். இவ்வெல்லை உயிருக்குக் காவல் என்பதை யாவரும் அறிவர். அது பணத்துக்கும் காவல் என்பதைப் பலர் அறியார். நீரில் 10 மீட்டர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. நீர்மட்டத்தில் 60 நிமிஷம் வரக்கூடிய சிலிண்டர்க் காற்று, 10 மீட்டரில் 30 நிமிஷமும், 20 மீட்டரில் 20 நிமிஷமும், 30 மீட்டரில் 15 நிமிஷமுமே வரும். படகுக் கூலியோ எங்கும் கொடுத்தே தீரவேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் அதே காசுக்கு இரு மடங்கு நேரம் காணலாம். எச்சரிக்கையும் சிக்கனமும் இங்கே ஒரே வழியைக் காட்டுகின்றன.

இவ்வளவுகோலைக் கையிலெடுத்து, நமக்கு மிக அருகிலுள்ள இலங்கைக் கடலைப் பார்ப்போம். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' என்னும் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. அதன் புகழ் பெரிது. ஆனால் அது 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. புதியவர் அதனை நினைக்கவும் வேண்டா. அதே நாளில் மூழ்கிய 'பிரிட்டிஷ் சார்ஜண்ட்' என்னும் எண்ணெய்க் கப்பல் சுமார் 24 மீட்டரில் இருக்கிறது. இரண்டாம் படிச் சான்று பெற்றவர்க்கு அது தக்கது. முதற் சான்று மட்டுமே உடையவர், ஹிக்கடுவைக்கு அருகே 1893ல் உடைந்த 'ஏர்ல் ஆஃப் ஷாஃப்ட்ஸ்பரி' என்னும் பாய்மரக் கப்பலை முதலில் காண்பதே முறை. கீழ்க்கரைக்குப் பருவம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. ஹிக்கடுவைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை. பருவம் தவறிச் செல்பவன் கலங்கிய நீருக்குக் காசு கொடுக்கிறான்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கிய கப்பற் போக்குவரத்து நமக்கு ஒரு வாய்ப்பு. காரைக்காலிலிருந்து நாகை ஒரு பஸ் பிரயாணமே. நால்வர் ஐவர் கூடிச் சென்றால் படகுக் கூலியும் பங்காகும். முக்குளித்தபின் விமானமேறச் சுமார் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டுமென்னும் விதியும், கடல்வழி திரும்புவோர்க்கு இடையூறாவதில்லை.

ஆனால் சிக்கனத்துக்கும் வரம்பு உண்டு. சான்றைக் கேட்டுப் பாராமல் கடலில் இறக்கும் படகுக்காரனை, அவன் எவ்வளவு மலிவாகக் கேட்டாலும், விட்டு விலகுக. தனிப் பயிற்சியின்றிக் கப்பலின் உள்ளே நுழையற்க. மேலே திறந்த நீர் இல்லாத இடத்தில் சிறு பிழையும் பெரும் பிழையாகும். எதையும் எடுத்து வரவும் கூடாது. ஹெர்மிஸில் மட்டும் 307 பேர் மாண்டனர். யுத்தத்தில் மூழ்கிய கப்பல் ஒரு கல்லறை என்பதை மறத்தலாகாது.

இப்பிரயாணம் கடக்கும் கடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஜனவரி 28ஆம் தேதி, நெடுந்தீவுக்கு அருகே காரைக்கால் படகொன்றிலிருந்த 13 மீனவரைப் பிடிக்கையில் இலங்கைக் கடற்படை சுட்டதில் ஐவர் காயமுற்றனர். உல்லாசத்துக்குச் செல்பவன் சீட்டு வாங்கிச் செல்லும் கடலில், வயிற்றுக்குச் செல்பவன் குண்டடி படுகிறான். இவ்வழக்கை இரு சர்க்கார்களும் பேசித் தீர்க்க வேண்டியது தனிக் கடமை. அதுவரை, எல்லை தாண்டாமல் கிடைக்கக்கூடிய பிழைப்பு எதுவாயினும் அதனை நம் கரைக்குத் தேடித் தருவது அறிவுடைமை அன்றோ?

அத்தகைய பிழைப்புக்கு இடமும் இருக்கிறது. கிளிஞ்சல்மேட்டுக்கு வடக்கே, தரங்கம்பாடியைக் கடந்தால் பூம்புகார். அதன் கடலில் சுமார் 19 மீட்டர் ஆழத்தில் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் ஒரு கப்பலின் சிதைவைக் கண்டனர். அதிலிருந்த ஈயப் பாளங்களில் 1791, 1792 என்னும் ஆண்டுகள் பொறித்திருந்தன. வண்டல் கலந்த நீரில் அதனை ஆராய்வதற்கும் காப்பதற்கும் நீரோட்டம் அறிந்த கைகள் வேண்டும். அக்கைகள் கரையோரக் குப்பங்களில் இருக்கின்றன. மீனவ இளைஞர்க்கு இலவச ஸ்கூபாப் பயிற்சியளித்துச் சான்று பெறச் செய்யும்படி புதுவை, தமிழக அரசுகளை வற்புறுத்துகிறோம். நம் வாலிபர் அக்கரை சென்று பார்த்து வரட்டும். பார்த்த வித்தையோடு இக்கரைக்குத் திரும்பட்டும்.