வீடு நம் கையில்: கையோடு வரும் ஜன்னல் கைப்பிடி

"அந்த ஜன்னலை இழுக்காதேடி, கைப்பிடி கையோட வந்துடும்!" இந்த எச்சரிக்கை ஒலிக்காத வீடு உண்டா, சொல்லுங்கள். சில வீடுகளில் கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு கயிறு தொங்கும். சில வீடுகளில் பழைய துணிக் கிழிசல். இன்னும் சில வீடுகளில் அந்த ஜன்னலையே மறந்துவிட்டு, அதன் முன்னால் பீரோவை நகர்த்தி வைத்துவிடுவார்கள்.

'ஆசாரி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று நாமும் விட்டுவிடுகிறோம். ஒரு கைப்பிடிக்காக ஆசாரி வருவாரா? நாலு வேலை சேரட்டும் என்பார். அதற்குள் மழைக்காலம் வந்து போய்விடும். திறக்காத அறையில் ஈரம் தங்கிச் சுவர் மூலையில் பூஞ்சை படரும். இழுப்பும் இருமலும் உள்ள குழந்தைக்கு அது ஆகவே ஆகாது. சமையலறை ஜன்னல் என்றால் கேட்கவே வேண்டாம். காஸ் வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவு ஜன்னல்களைத் திறக்கவேண்டும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் ஜன்னல் திறக்க வேண்டாமா?

கைப்பிடி மாற்றுவது அரைமணி நேர வேலை. ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் நாமே செய்துவிடலாம். ஆனால் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை தெரியவேண்டும்.

ஏன் கழன்றது?

நல்லபடியாகத் திறந்து மூடும் ஜன்னலில் கைப்பிடிக்கு அதிக வேலை கிடையாது. இரண்டு விரலால் இழுத்தால் வந்துவிடும். கைப்பிடி பிடுங்கிக்கொண்டு வருகிறது என்றால், யாரோ தினமும் பலங்கொண்ட மட்டும் இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி இழுக்கவேண்டி வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் கைப்பிடியில் இருக்காது. அதைக் கவனிக்காமல் எவ்வளவு உயர்ந்த கைப்பிடி போட்டாலும் அடுத்த வருஷம் அதுவும் கையோடு வரும்.

முதலில் கீல்களைப் பாருங்கள். ஜன்னல் கதவைப் பாதி திறந்து, அதன் வெளி ஓரத்தைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பாருங்கள். 'லொட லொட' என்று ஆடினால் மேல் கீலின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. கதவு தொங்கிப்போய் கீழ்ச் சட்டத்தில் உரசும். அந்த ஸ்க்ரூக்களை முறுக்கிவிட்டாலே பாதி ஜன்னல்கள் சொன்னபடி கேட்கும்.

கீல் சரியாக இருந்தும் உரசுகிறதா? மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பும். ஐப்பசி, கார்த்திகையில் இறுகிய ஜன்னல் பங்குனியில் தானாகவே தளர்ந்துவிடும். ஆகவே மழை நாளில் அவசரப்பட்டு நிறைய இழைத்துவிடாதீர்கள். கோடையில் சந்து விழும். பெயிண்ட் உரிந்து பளபளக்கும் இடம்தான் உரசும் இடம். அங்கே உப்புத்தாள் போட்டு லேசாகத் தேய்த்து, மெழுகுவத்தியைத் தடவிவிடுங்கள், போதும். தேய்த்த இடத்தில் வெறும் மரம் தெரிந்தால் வெயில் வந்ததும் பெயிண்ட் பூசிவிட வேண்டும். பெயிண்ட் இல்லாத இடத்தில்தான் மரம் ஈரத்தை இழுக்கும்.

கடைக்குப் போகுமுன் அளவு

"அண்ணே, ஜன்னல் கைப்பிடி ஒண்ணு குடுங்க."

"என்ன சைஸ்மா?"

இந்த இடத்தில்தான் நாம் விழிப்போம். "சாதாரண சைஸ்" என்போம். அவரும் ஏதோ ஒன்றைக் கொடுப்பார். வீட்டில் வந்து வைத்துப் பார்த்தால் ஓட்டை ஒரு பக்கம், ஸ்க்ரூ ஒரு பக்கம்!

அளக்கவேண்டியது கைப்பிடியின் முழு நீளத்தை அல்ல. ஒரு ஸ்க்ரூ ஓட்டையின் நடுவிலிருந்து மற்ற ஓட்டையின் நடுவரைக்கும் அளக்கவேண்டும். அதை மில்லிமீட்டரிலேயே குறித்துக்கொள்ளுங்கள். 96 மி.மீ. இடைவெளி உள்ள கைப்பிடியைப் பேச்சுவழக்கில் 4 அங்குலம் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் 4 அங்குலம் என்பது 101.6 மி.மீ. ஐந்தரை மி.மீ.க்கும் மேல் வித்தியாசம். ஓட்டை பொருந்தவே பொருந்தாது. தகட்டில் நாலு ஓட்டை உள்ள மாதிரி என்றால் ஒரு காகிதத்தை அதன் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றிலும் உத்தமம், பழைய கைப்பிடியையே கைப்பையில் போட்டுக்கொண்டு போவதுதான்.

இன்னோர் அளவும் உண்டு. நம் வீட்டு ஜன்னல்களில் உள்பக்கம் கம்பி, வெளிப்பக்கம் திறக்கும் கதவு என்பதுதான் வழக்கம். கம்பிக்கும் மூடிய கதவுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கைப்பிடி அதைவிடத் துருத்திக்கொண்டிருந்தால் கம்பியில் இடிக்கும், ஜன்னல் மூடாது. கம்பி வழியாகக் கையை விட்டுப் பிடிக்கும்போது முட்டி சிராய்க்காமல் இருக்கவும் இடம் வேண்டும்.

எந்தக் கைப்பிடி?

அழகைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பிடிக்கப்போகும் கையை நினைத்துப் பாருங்கள். வீட்டில் மாமியாரோ அம்மாவோ மூட்டுவலிக்காரர் என்றால், உருண்டைக் குமிழ் வேண்டாம். அதை விரல் நுனியால் இறுக்கிப் பிடித்து இழுக்கவேண்டும். விரல் மூட்டு வலிப்பவர்களுக்கு அது பெரும்பாடு. நாலு விரலும் தாராளமாக நுழையும் 'டி' கைப்பிடி நல்லது. ஓரங்கள் கூராக இல்லாமல் வழவழப்பாக இருக்கிறதா என்று கடையிலேயே தடவிப் பாருங்கள்.

அடுத்தது உலோகம். பித்தளை துருப்பிடிக்காது. கறுத்தாலும் களிம்பு ஏறினாலும் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். அலுமினியம் லேசு, துருவும் பிடிக்காது. ஆனால் மெத்தென்ற உலோகம், அழுத்தி இழுத்தால் வளையலாம். கண்ணைப் பறிக்கும் முலாம் பூசிய கைப்பிடிகளைக் கையில் எடுத்து, பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். உள்ளே என்ன உலோகம் என்று அங்கேதான் தெரியும். முலாம் உரிந்தால் அழகு அத்தோடு போயிற்று.

எவர்சில்வரிலும் தரம் உண்டு. 202, 304, 316 என்று எண் போட்டுச் சொல்வார்கள். வீட்டு உபயோகத்துக்கு 304 நல்லது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடற்காற்று நேராக அடிக்கும் இடங்களில் 316 இன்னும் தாங்கும். 'காந்தம் ஒட்டவில்லை, அதனால் உயர்ந்த ரகம்' என்று கடையில் காட்டுவார்கள். அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். மலிவான 202-லும் காந்தம் சாதாரணமாக ஒட்டுவதில்லை. எண்ணைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஸ்க்ரூவையும் கூடவே வாங்கிவிட வேண்டும். பித்தளைக் கைப்பிடிக்குப் பித்தளை ஸ்க்ரூ, எவர்சில்வருக்கு எவர்சில்வர் ஸ்க்ரூ. பித்தளையும் இரும்பும் உப்பு ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் இரும்பு சீக்கிரம் அரித்துப்போகும். கைப்பிடி புதிதாக இருக்கும், ஸ்க்ரூ தலை மட்டும் உதிர்ந்து விழும். ஸ்க்ரூவின் நீளம் கதவுச் சட்டத்தின் கனத்தைவிடக் குறைவாக இருக்கவேண்டும். ஒன்றேகால் அங்குலச் சட்டத்துக்கு ஒரு அங்குல ஸ்க்ரூ போதும்.

பொருத்துவோமா?

1. ஜன்னலை மூடித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு உள்ளிருந்தே வேலை செய்யுங்கள். தாழ்ப்பாள் சரியில்லை என்றால் கதவைக் கம்பியோடு கயிற்றால் கட்டிவிடுங்கள். காற்றில் படாரென்று அடித்துக் கை நசுங்கக்கூடாது. மாடி வீட்டிலிருந்து ஸ்க்ரூ தெருவில் போகிறவர் தலையில் விழவும் கூடாது.

2. பழைய ஸ்க்ரூவின் தலையில் பெயிண்ட் அடைத்திருந்தால் ஆணி நுனியால் சுரண்டி எடுங்கள். துருப்பிடித்திருந்தால் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, சாதம் வடிக்கிற நேரம் காத்திருங்கள். ஸ்க்ரூ டிரைவரின் முனை ஸ்க்ரூவின் வெட்டில் சரியாக உட்காரவேண்டும். நன்றாக அழுத்திக்கொண்டு இடப்பக்கம் திருப்பினால் கழலும்.

3. ஓட்டை பெரிதாகிவிட்டதா? இதற்காகக் கைப்பிடியை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டாம். தீக்குச்சியின் மருந்தைக் கிள்ளிவிட்டு, அல்லது காய்ந்த மூங்கில் சிம்பை எடுத்து, மரப் பசையில் தோய்த்து ஓட்டை நிறையும் அளவுக்கு இறுக்கமாகத் திணியுங்கள். ஒரு ராத்திரி காயட்டும். காலையில் துருத்தும் பகுதியைக் கத்தியால் சமமாக நறுக்கிவிட்டால் புது மரம் மாதிரி ஸ்க்ரூ பிடிக்கும்.

4. புது ஓட்டை போடவேண்டி வந்தால், கைப்பிடியை வைத்துப் பென்சிலால் குறித்து, ஸ்க்ரூவைவிட மெல்லிய ஆணியைச் சிறிது அடித்துப் பிடுங்கிவிடுங்கள். வழி இல்லாமல் ஸ்க்ரூவைத் திருகினால் மரம் பிளக்கும். கண்ணாடிக்கு ஒட்டினாற்போல் ஆணி அடிக்கவே கூடாது.

5. ஸ்க்ரூவின் மரையில் சோப்பையோ மெழுகையோ தடவினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். இரண்டு ஸ்க்ரூவையும் பாதி பாதியாக ஏற்றி, கைப்பிடி நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு முறுக்குங்கள். இறுகியதும் நிறுத்திவிட வேண்டும். 'இன்னும் ஒரு சுற்று' என்கிற ஆசையில்தான் மரம் அரைந்துபோகிறது.

ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு

இப்போது பல வீடுகளில் யு.பி.வி.சி. ஜன்னல்கள். இதில் கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே இருக்கும் பூட்டு நகரும். கைப்பிடியைப் பக்கவாட்டில் திருப்பி, அடியில் உள்ள சின்ன மூடியை நகர்த்தினால் இரண்டு ஸ்க்ரூ தெரியும். அவற்றைக் கழற்றினால் கைப்பிடி ஒரு சதுரக் கம்பியோடு வெளியே வரும். ஸ்க்ரூக்களின் இடைவெளி பெரும்பாலும் 43 மி.மீ., கம்பியின் கனம் 7 மி.மீ. ஆனால் கம்பியின் நீளம் ஜன்னலுக்கு ஜன்னல் மாறும். குட்டையாக இருந்தால் பூட்டைத் திருப்பாது; நீளமாக இருந்தால் கைப்பிடி சட்டத்தோடு ஒட்டி உட்காராது. கழற்றியபோது கைப்பிடி எந்த நிலையில் இருந்ததோ, புதியதையும் அதே நிலையில் வைத்துச் செருகவேண்டும். உத்தரவாதக் காலம் முடியாவிட்டால் நீங்கள் கைவைக்காமல் கம்பெனிக்கே சொல்லிவிடுங்கள். பழைய இரும்பு ஜன்னல்களில் கைப்பிடி ரிவெட் அடித்தோ வெல்டிங் செய்தோ இருக்கும். அதற்கு வெல்டர்தான் வரவேண்டும்.

இளம் தாய்மார்களுக்கு

நடக்கப் பழகிய குழந்தை உள்ள வீட்டில், கம்பி இல்லாத மாடி ஜன்னல் என்றால் சாவி போட்டுப் பூட்டும் கைப்பிடியாகவே வாங்குங்கள். கூடவே, ஜன்னல் 4 அங்குலத்துக்கு மேல் திறக்காதபடி நிறுத்தும் தடுப்பு ஒன்றும் போட்டுவிட்டால் காற்றும் வரும், பயமும் இல்லை. சாவியைக் குழந்தைக்கு எட்டாமல், ஆனால் வீட்டுப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் மாட்டிவையுங்கள். தீ, புகை என்று ஏதாவது வந்தால் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கட்டில், ஸ்டூல், சோபா எதையும் அந்த ஜன்னலை ஒட்டிப் போடாதீர்கள். குழந்தைக்கு அதுவே ஏணி. 'கொசுவலை அடித்திருக்கிறதே' என்று தைரியமாக இருக்கிறீர்களா? கொசுவலை கொசுவைத்தான் தடுக்கும். சாய்கிற குழந்தையின் பாரத்தை அது தாங்காது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வீட்டில் உள்ள ஒவ்வொரு ஜன்னலையும் ஒரு கையால் திறந்து மூடிப் பாருங்கள். எது மக்கர் செய்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கயிறு தொங்கும் ஜன்னலிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அடுத்த இதழில்: தாழ்ப்பாள் விழாத கதவை என்ன செய்வது?