கப்பலில் வந்தவர்களிடமே கப்பல் ஏறப் பத்திரம் கேட்கிறார்கள்!

ஆயர் ஈத்தாம், பார்லிம், பாயா தெருபோங் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களே, கொஞ்சம் நின்று படியுங்கள்.

பள்ளி விடுமுறை நெருங்கினால் கப்பல் பயண விளம்பரம் வந்துவிடுகிறது. மூன்று இரவு, சாப்பாடு சேர்த்து, புக்கெட் போய்த் திரும்பலாம், தவணையில் கட்டலாம் என்கிறார்கள். ஃபேக்டரி போனசை எடுத்து, ஆயுசுக்கும் உழைத்த அம்மாவை ஒரு தடவையாவது கூட்டிப் போவோம் என்று நினைக்கிறீர்கள். நியாயமான ஆசை. டிக்கெட் விற்பவர் கேட்கும் முதல் கேள்வி: "எல்லாருக்கும் பாஸ்போர்ட் இருக்கிறதா? ஆறு மாதத்துக்குக் குறையாமல் தேதி இருக்கிறதா?"

பல வீடுகளில் பேச்சு அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. ஏனென்றால் அம்மாவின் ஐசி சிவப்பு.

ஐம்பது, அறுபது வருடம் இந்த மண்ணில் வாழ்ந்தவர். ரப்பர் வெட்டியவர், கோப்பிக் கடையில் மங்கு கழுவியவர், ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் பார்த்தவர். பிள்ளைகள் எல்லாருக்கும் நீல ஐசி. அவருக்கு மட்டும் நிரந்தரவாசி என்ற சிவப்பு அட்டை. ஓட்டு இல்லை. மலேசியப் பாஸ்போர்ட் இல்லை. கேட்டால், "வெளிநாட்டில் பிறந்தவர்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டில் பிறந்தார், சரி. எப்படிப் பிறந்தார்?

அந்தக் காலத்தில் எஸ்.எஸ். ராஜூலா என்ற கப்பல் மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. 1926-இல் கடலில் இறங்கி 1970-களின் தொடக்கம் வரை ஓடிய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல். அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985-இல் தீப்பிடித்த பின் அந்தப் பயணிகள் சேவையும் நின்றது. நம் தாத்தாக்களைக் கூலிக்குக் கொண்டுவந்து இறக்கியவை இந்த மாதிரிக் கப்பல்கள்தான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போன நம் பாட்டிமார்களும் இதே கப்பல்களில்தான் போனார்கள். அங்கே பிள்ளை பெற்று, இடுப்பில் குழந்தையோடு திரும்பி வந்தார்கள். அந்தக் குழந்தைக்குத் தெரிந்த ஊர் மலாயாதான். பிறந்த இடத்தை அது தேர்ந்தெடுக்கவில்லை.

சட்டம் என்ன செய்தது, பாருங்கள். 31-8-1957 சுதந்திர நாள் முதல் 1962 செப்டம்பர் முடியும்வரை மலாயாவில் பிறந்தவர் தானாகவே குடிமகன். அப்பா அம்மா யார் என்று கேள்வி இல்லை. ஆக, 1959-இல் ஆயர் ஈத்தாமில் பிறந்த அண்ணனுக்கு நீல ஐசி. 1961-இல் நாகப்பட்டினத்தில் பிறந்த தங்கைக்கு அப்பா பிறந்த நாளிலேயே குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அதோடு அப்பா இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வருடத்துக்குள் மலாயாத் தூதரக அலுவலகத்தில் பிறப்பைப் பதிந்திருக்க வேண்டும். பால்மரம் வெட்டிய மனிதர் எந்தத் தூதரகத்துக்குப் போவார்? யார் அவரிடம் சொன்னார்கள்? ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே அடுப்பு. ஒரு பிள்ளை நீலம், ஒரு பிள்ளை சிவப்பு!

இது நமக்கு மட்டும் நடந்த கொடுமை என்று நினைக்காதீர்கள். இலங்கையில் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமா, சாஸ்திரி இருவரும் கையெழுத்துப் போட்டு, மனிதர்களைத் தலையெண்ணிப் பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு 2003-இல்தான் அங்கே குடியுரிமைச் சட்டம் வந்தது. பிரிட்டனில் 1948 முதல் கரீபியன் தீவுகளிலிருந்து பெற்றோரோடு கப்பலில் வந்த பிள்ளைகள், கிழவர்களான பிறகு, "வந்ததற்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்கப்பட்டார்கள். அவர்கள் இறங்கியபோது எழுதிய அட்டைகளை 2010-இல் அரசாங்கமே அழித்திருந்தது! 2018-இல் விஷயம் வெடித்து உள்துறை அமைச்சர் பதவி விலகினார். எங்கும் கதை ஒன்றுதான். கொண்டுவந்தவன் அரசாங்கம், எழுதி வைத்தவன் அரசாங்கம், ஆதாரம் காட்ட வேண்டியவன் மட்டும் கூலிக்காரன்.

அமெரிக்காவில் வெளிநாட்டில் பிறந்த குடிமகனுக்குத் தூதரகம் பிறப்பறிக்கை கொடுக்கிறது. அமெரிக்கத் துறைமுகத்தில் புறப்பட்டு அதே துறைமுகத்துக்குத் திரும்பும் கப்பல் பயணம் பலவற்றுக்கு, அந்த அறிக்கையும் படம் போட்ட அடையாள அட்டையும் குடிமகனுக்குப் போதும். பத்திரம் கேட்பது தவறில்லை. பத்திரம் பெறுவதற்கு வழியும் இருக்க வேண்டும். நம் சண்டை அந்த வழிக்காகத்தான்.

"வழியா இல்லை? மனு போடலாமே!" என்பார்கள். போடலாம். சுதந்திரத்துக்கு முன் இங்கே பிறந்தவர்களுக்கு அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவு இருக்கிறது. வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு 19-ஆவது பிரிவு: பன்னிரண்டு வருடத்தில் பத்து வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், மலாய் போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தையே பார்க்காத எழுபது வயது மூதாட்டி, அதிகாரி முன் உட்கார்ந்து மலாயில் பதில் சொல்ல வேண்டும். மனு தள்ளப்பட்டால், அரசாங்கத்தின் அந்த முடிவை எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்ய முடியாது என்று அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இதுவா வழி?

மனமிருந்தால் முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி. 2018 ஜூனில், 60 வயதைத் தாண்டிய சிவப்பு ஐசி இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை தரப்படும் என்று அன்றைய பிரதமர் மகாதீர் அறிவித்தார். ஒரே அறிவிப்பில் அத்தனை பேர்! அப்படியானால் அதுவரை அவர்களைக் காக்க வைத்தது எந்தச் சட்டச் சிக்கல்? வரிசையில் இன்னும் நிற்பவர்கள் செய்த பாவம் என்ன?

"போலி ஐசி நடமாடுகிறது, சோதிக்க வேண்டாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். சோதியுங்கள். நுழைவு அனுமதிப் பதிவு உங்கள் அலமாரியில் இருக்கிறது. சிவப்பு ஐசியைக் கொடுத்ததும் நீங்கள்தான். சோதனைக்கு ஒரு முடிவு நாள் வையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுங்கள். அவ்வளவுதான் கேட்கிறோம்.

இனிமேல் வரப்போவதுதான் பெரிய ஆபத்து

2024 அக்டோபர் 17-இல் குடியுரிமைச் சட்டத்திருத்தம் 206 ஓட்டில் மக்களவையில் நிறைவேறியது. டிசம்பரில் மேலவையும் ஏற்றது. அதில் ஒரு நல்லது உண்டு. மலேசியத் தாய் வெளிநாட்டில் பெறும் பிள்ளைக்கும், மலேசியத் தந்தையின் பிள்ளை போலவே குடியுரிமை. தாய்மார்கள் நீதிமன்றப் படி ஏறி, 2021-இல் உயர்நீதிமன்றத்தில் வென்று, 2022-இல் மேல்முறையீட்டில் தோற்று, அப்புறமும் விடாமல் வாங்கிய உரிமை அது. அவர்களை வணங்குகிறோம். ஆனால் இது பின்னோக்கிப் போகாது. ஏற்கெனவே பிறந்த பிள்ளைகள் மனுப் போட்டுத்தான் காத்திருக்க வேண்டும்.

அதே திருத்தத்தில் ஒரு விஷமும் இருக்கிறது. இதுவரை இந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் போதும். அந்த "நிரந்தரவாசி" என்ற வார்த்தையை எடுத்துவிட்டார்கள். அப்பா அம்மா இருவருக்கும் சிவப்பு ஐசி என்றால், புதிய விதிப்படி, பினாங்கு ஆஸ்பத்திரியிலேயே பிறக்கும் பிள்ளைக்கும் தானாகக் குடியுரிமை கிடையாது! நேற்றுவரை சிவப்பு அட்டை ஒரு தலைமுறையின் சுமை. இனி அது பரம்பரைச் சொத்து. கப்பல் பயணம் போகாவிட்டால் உயிர் போகாது. பேரன் நாடற்றவனாகப் பிறந்தால் அதற்கு யார் பதில் சொல்வது?

நம் வீட்டுக்குள்ளும் வேலை இருக்கிறது. கோயிலில் தாலி கட்டினால் போதும் என்று பதியாமல் விடுகிறோம். 1-3-1982 முதல் பதிவுத் திருமணம்தான் சட்டத்துக்குத் திருமணம். பதியாவிட்டால் பிள்ளைக்குத் தாயின் நிலைதான் கணக்கு. அப்பா நீல ஐசி வைத்திருந்தும் பயனில்லை. 2021 மே மாதத்தில் கூட்டரசு நீதிமன்றம், பெற்றோர் மணப்பதிவுக்கு முன் பிலிப்பீன்சில் பிறந்த ஒரு பிள்ளைக்கு, தந்தை மலேசியராக இருந்தும், 4-க்கு 3 என்ற கணக்கில் குடியுரிமை மறுத்தது. ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில் ஒரு பிள்ளையின் நாடு போனது.

ஆகவே இன்றே செய்யுங்கள்:

வீட்டிலுள்ள எல்லா ஐசியையும் மேசையில் வையுங்கள். நிறத்தைப் பாருங்கள். எண்ணின் 7, 8-ஆம் இலக்கங்களைப் பாருங்கள். பினாங்கில் பிறந்தால் 07. வெளிநாட்டில் பிறந்தால் 71, 75 போன்ற எண்கள். அது பிறந்த இடம் மட்டுமே. நீல ஐசி என்றால் 71 இருந்தாலும் நீங்கள் குடிமகன்தான், யாரும் மிரட்ட முடியாது. ஆனாலும் குடியுரிமைச் சான்றிதழை எடுத்து வையுங்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போது கேட்பார்கள்.

பிள்ளைகளின் சூராட் பெரானாக்கில் குடியுரிமை நிலை என்ன என்று எழுதியிருக்கிறது? படித்துப் பாருங்கள். "புக்கான் வார்கநெகாரா" என்று இருந்தால் ஐசி எடுக்கும் 12 வயதுவரை காத்திருக்காதீர்கள்.

அம்மாவின் பழைய நுழைவு அனுமதி, கப்பல் டிக்கெட், தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பள்ளிப் பதிவு எதையும் தீபாவளிக்கு வீடு கழுவும்போது தூக்கிப் போடாதீர்கள். மனுவுக்கு உயிர் அதுதான். புரோக்கரிடம் அசல் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். பதிவிலாகாவில் மனுக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள்.

கப்பலுக்குப் பணம் கட்டுமுன் பத்திரத்தை முடியுங்கள். எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லாத நிரந்தரவாசி குடிநுழைவுத் துறையில் அடையாளச் சான்றுக்கு மனுச் செய்யலாம். ஆனால் அடுத்த நாடு அதை ஏற்குமா, கப்பல் கம்பெனி ஏற்றுமா, திரும்பி நுழைய அனுமதி உண்டா என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மேடையில் நிறுத்தினால் கட்டிய பணம் திரும்ப வரும் என்று நம்பாதீர்கள்.

சிவப்பு ஐசியை மறைத்து வைப்பதை நிறுத்துங்கள். அது உங்கள் வெட்கமில்லை, கொடுத்தவர்களின் வெட்கம். தேர்தலுக்குத் தேர்தல் பத்துப் பேருக்கு நீல ஐசியை நீட்டிப் படம் பிடிப்பவர்களிடம், மீதிப் பேரின் பட்டியலைக் கேளுங்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மொழிச் சோதனை வேண்டாம், மனுவுக்குக் கால வரம்பு வேண்டும், மறுப்புக்குக் காரணம் வேண்டும், நிரந்தரவாசியின் பிள்ளைக்குப் பறித்த உரிமை திரும்ப வேண்டும் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கையெழுத்தோடு கொடுங்கள்.

அம்மாவுக்கு ஓட்டில்லை. உங்களுக்கு இருக்கிறது. அவருக்காகவும் சேர்த்துக் கேளுங்கள்!