வேலை தேடும் பெண்களுக்குச் செல்போனில் வலை!

"வீட்டில் இருந்தபடியே தினம் ஆயிரம் ரூபாய்! பெண்களுக்கு முன்னுரிமை!"

இப்படி ஒரு தகவல் வராத செல்போனே சென்னையில் இல்லை எனலாம். குடும்பப் பெண்கள் இதை ஏன் நம்புகிறார்கள்? பேராசை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். விஷயம் அது இல்லை.

வேலை தேடித்தரும் 'ஆப்'கள் வந்த பிறகு, வேலைவாய்ப்பு அலுவலக வாசலில் கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை. தமிழக அரசே 2020-ல் தனியார் வேலைகளுக்கென ஓர் இணையதளம் திறந்தது. எங்கே ஆள் தேவை, என்ன சம்பளம் எல்லாம் அடுப்படியிலேயே தெரிந்துவிடுகிறது.

ஆனால் வேலை இருப்பது ஸ்ரீபெரும்புதூரில். பெண் இருப்பது வியாசர்பாடியில்!

போய்வருவதே பிரச்சினை

இது எல்லா ஊர்க் கதைதான். பாகிஸ்தானில் லாகூர் நகரில் ஆராய்ச்சியாளர்கள் சோதித்தே பார்த்தார்கள். வேலைக்குப் பதிவு செய்தவர்களில் சிலருக்குப் போய்வர வண்டி தருவதாகச் சொன்னார்கள். பெண்கள் மட்டும் ஏறும் வண்டி என்றதும், பெண்களின் விண்ணப்பம் இரு மடங்குக்கும் மேல் எகிறியது! ஆண்களும் ஏறும் வண்டி என்றபோது பெரிய மாற்றமில்லை.

இங்கே 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் வந்தது. செலவு குறைந்தது, சரி. ராத்திரி ஷிப்ட் முடிந்து பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை இருட்டில் நடக்கும் பயம்?

அதனால்தான் வீட்டிலிருந்தே வேலை தேடுகிறார்கள். மோசடிக் கும்பல் தூண்டில் போடுவதும் சரியாக அங்கேதான்!

நகை அடகுக்குப் போகிறது

முதலில் வீடியோவுக்கு 'லைக்' போடச் சொல்லி, 150, 200 என்று நிஜமாகவே பணம் அனுப்புவார்கள். அப்புறம் டெலிகிராம் குழு. "5 ஆயிரம் கட்டினால் 7 ஆயிரம்" என்பார்கள். திரையில் லாபம் ஏறும். எடுக்கப் போனால் வராது. "வரி கட்டினால்தான் கிடைக்கும்" என்பார்கள். நகை அடகுக் கடைக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான்.

2023 டிசம்பரில் இப்படிப்பட்ட 100-க்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு முடக்கியது. பெயரை மாற்றி மறுபடி கடை விரிக்க எவ்வளவு நேரமாகும்?

இன்னொன்று இதைவிட மோசம். "உங்க பாங்க் கணக்கைக் கொடுங்க, கமிஷன் தர்றோம்" என்பதும் வேலை என்றே வரும். பிறரிடம் பறித்த பணம் அந்தக் கணக்கு வழியே ஓடும். போலீஸ் முதலில் கதவைத் தட்டுவது அந்த அம்மாவின் வீட்டைத்தான்!

ஒரு தடவை ஏமாந்தால் செல்போன் புருஷன் கைக்குப் போய்விடுகிறது. நிஜமான வேலைத் தகவலும் அதோடு போச்சு!

பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யவேண்டும். வீட்டுக்குப் பயந்து ஒரு வாரம் மறைத்தால், பணம் பல கணக்கு தாண்டியிருக்கும்.