சாமிக்காட்டுக்குள் சிமென்ட் லாரி

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கு வருகிறவர்கள் புத்துப்பட்டு வழியாகத்தான் வருகிறார்கள். மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலைச் சுற்றி அங்கே நிற்கும் காட்டைப் பலர் வெறும் புதர் என்றே நினைத்திருக்கக்கூடும். புலி இல்லை, யானை இல்லை. அண்ணாந்து பார்க்கவைக்கும் மரங்களும் அதிகமில்லை. ஆனால் தாவரவியலாளர்கள் தேடிப்போய் ஆராயும் காடு அது. உலர் பசுமைமாறாக் காடு என்று துறை சார்ந்தவர்கள் அழைக்கும் இந்த வகை, ஒரு காலத்தில் சோழமண்டலக் கடற்கரை நெடுகப் பரந்திருந்தது. இன்று சிதறிய துண்டுகளாக எஞ்சியிருக்கிறது. அவற்றில் பல, அய்யனாரும் பிடாரியும் காவலிருந்ததால் தப்பியவை.

வருடத்தில் பாதிக்கு மேல் மழை எட்டிப்பார்க்காத நிலத்தில் இலை உதிர்க்காமல் நிற்பது லேசான காரியமில்லை. வீரை, காசான், உலக்கைப்பாலை, கருங்காலி எனத் தடித்த இலையும் வைரம் பாய்ந்த கட்டையும் கொண்ட மரங்கள் அதைச் செய்கின்றன. நிதானமாக வளர்பவை இவை. மரத்துக்கு மரம் கொடிகள் பின்னிக் கிடக்க, கீழே இலைச்சருகு மெத்தையாகப் படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. பழத்தைத் தின்று விதையைப் பரப்பும் வேலையைக் குயிலும் கொண்டைக்குருவியும் பகலில் பார்க்கின்றன. இரவில் அது வௌவாலுக்கும் மரநாய்க்கும் உரியது. விழுந்த விதை முளைத்து வேரூன்ற அந்த நிழலும் அந்த மண்ணும் வேண்டும். வெட்டவெளியில் குழி தோண்டி நட்டு, கூண்டு வைத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு போனால் வருவதில்லை.

வெட்டினால் என்ன, பத்து மடங்கு நட்டுவிடலாமே என்ற வாதம் இங்கேதான் அடிபட்டுப் போகிறது. ஆரோவில் தொடங்கப்பட்ட 1968-இல் அந்தப் பகுதி செம்மண் பொட்டல். அங்கே உழைத்து மீண்டும் காடு வளர்த்தவர்கள், உள்ளூர் மரங்களின் விதைக்கு இந்தக் கோயில் காடுகளைத்தான் நாடினார்கள். பழைய காடு கொஞ்சமாவது மிச்சமிருந்ததால்தான் புதுக்காடே சாத்தியமானது.

அரசின் கணக்குக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. இந்திய வன ஆய்வு நிறுவனம், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்து விழுக்காடு மரக்கவிகை இருந்தால் அதைக் காட்டுப் பரப்பில் சேர்க்கிறது. என்ன மரம், யாருடைய நிலம் என்ற கேள்வி இல்லை. தைலமரத் தோப்பும் காடு. முந்திரித் தோப்பும் காடு. ஆனால் இரண்டு ஏக்கரில் நூற்றாண்டுகளாக நிற்கும் அய்யனார் காடு அந்தக் கணக்கில் காடு ஆகாது! தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் நல்ல முயற்சிதான். புதிதாக நடப்படும் ஒவ்வொரு கன்றையும் எண்ணுகிற அதே அக்கறையோடு, ஏற்கெனவே நிற்பதையும் யாராவது எண்ண வேண்டும்.

கோடாரியும் ஆக்கிரமிப்பும் பழைய எதிரிகள். குடகில் தேவரகாடு என்று அழைக்கப்படும் சாமிக்காடுகள் 1905-இல் சுமார் 15,500 ஏக்கர் இருந்தன; 1985-இல் மிஞ்சியது சுமார் 6,300 ஏக்கர். அந்த எண்பது ஆண்டுகளும் அவை வருவாய்த் துறையின் பொறுப்பில் இருந்தவை. காபித் தோட்டங்கள் ஓரம் ஓரமாக உள்ளே வந்தன.

தமிழ்நாட்டில் வந்திருக்கும் புதிய எதிரி வேறு மாதிரி. பக்தியோடு வருகிறது, நன்கொடை ரசீதோடு வருகிறது. ஊரைவிட்டுப் போய்ச் சம்பாதித்தவர்கள் குலசாமிக்கு நன்றிக்கடன் செலுத்த நினைப்பதில் தவறேதுமில்லை. ஆனால் வெயிலிலும் மழையிலும் மண்குதிரைகளோடு வெட்டவெளியில் உட்கார்ந்திருந்த அய்யனாருக்கு முதலில் ஒரு தகரக்கூரை, அப்புறம் கான்கிரீட் மண்டபம், தரைக்கு டைல்ஸ், சுற்றுச்சுவர், சமையல் கூடம், கார் நிறுத்த இடம். ஒவ்வொரு திருப்பணிக்கும் ஜேசிபி கொஞ்சம் காட்டைத் தின்கிறது. சாமி குத்தம் ஆகிவிடும் என்று சுள்ளிகூடப் பொறுக்காத ஊர்களிலும் கும்பாபிஷேகம் என்று சொல்லிவிட்டால் மரம் வெட்டத் தடை சொல்ல ஆளில்லை. அந்தப் பழைய கட்டுப்பாடுகளை அப்படியே கொண்டாட வேண்டியதில்லை; இன்னார் உள்ளே வரலாம், இன்னார் வரக்கூடாது என்ற விதிகளும் அவற்றில் கலந்திருந்தன. அச்சம் போனது நல்லதுதான். அச்சம் செய்துவந்த காவல் வேலையை இப்போது யார் செய்வது?

சட்டத்துக்கு அந்தத் தெம்பு உண்டு. ராஜஸ்தானின் ஓரண்கள் எனப்படும் சாமிக்காடுகள் தொடர்பான வழக்கில் 2024 டிசம்பர் 18 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அளவைப் பார்க்காமல் அவற்றின் பண்பாட்டு, சூழலியல் முக்கியத்துவத்தைப் பார்த்து அடையாளம் காண வேண்டும் என்றது. ஒவ்வொன்றையும் அளந்து வரைபடமாக்கவும் அந்த மாநிலத்துக்கு உத்தரவிட்டது. இங்கே திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் காசான் மரங்கள் மண்டிய வீரகோயில் காட்டை 2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. பரப்பு வெறும் 4.97 ஹெக்டேர். சின்னக் காட்டையும் சட்டத்துக்குள் கொண்டுவரலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அறிவிப்புப் பலகை மட்டும் போதுமா என்றால், போதாது. மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமான அரிட்டாபட்டி அந்தப் பெயரைப் பெற்றது 2022-இல். இரண்டே ஆண்டுகளில் அதன் ஒரு பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டது ஒன்றிய அரசு. மேலூர் வட்டார மக்கள் தெருவில் இறங்கிய பிறகே 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது.

ஆகவே தமிழ்நாடு செய்ய வேண்டியது மாவட்டவாரியான கணக்கெடுப்பு. புறம்போக்கு, கோயில் நிலம், பட்டா நிலம் என எந்தப் பெயரில் இருந்தாலும் சாமிக்காடு இருக்கும் புல எண்ணை வருவாய் ஆவணத்தில் அப்படியே குறிக்க வேண்டும். காட்டுக்குள் கட்டுமானம் கூடாது என்பதைத் திருப்பணி அனுமதிக்கான நிபந்தனையாக இந்து சமய அறநிலையத் துறை எழுதிச் சேர்க்கலாம்; அதற்குப் புதுச்சட்டம் எதுவும் தேவைப்படாது. பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சிதோறும் இருக்க வேண்டிய பல்லுயிர் மேலாண்மைக் குழுக்கள் ஏட்டிலிருந்து இறங்கி வந்தால், பார்த்துக்கொள்ள ஆளும் கிடைத்துவிடும்.

அதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். குலதெய்வக் கோயில் திருப்பணி நோட்டு உங்கள் வீட்டுக்கு வரும்போது, மண்டபம் எந்த இடத்தில் வருகிறது, அதற்காக எத்தனை மரம் போகிறது என்று கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டுத் தொகையை எழுதுங்கள்.