என்ஜின் அறையின் காற்று: மீன்வளத்துறை ஆணையர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் அமலிலிருக்கும் தடைக்காலத்தில், தங்கள் துறையினர் துறைமுகந்தோறும் சென்று, விசைப்படகின் நீளம் 24 மீட்டருக்குள் இருக்கிறதா, என்ஜினின் சக்தி 240 குதிரைத்திறனைத் தாண்டாமல் இருக்கிறதா, உயிர்காப்புச் சாதனங்கள் உள்ளனவா என்றெல்லாம் பரிசோதித்து, அதன் பேரில் வரிவிலக்கு டீசல் வழங்கும் ஏற்பாடு நல்ல ஏற்பாடே. அந்தப் பரிசோதனை, ஒருவர் குனிந்து இறங்கவேண்டிய என்ஜின் அறையின் காற்றையும் தன் விஷயமாகக் கொள்ளவேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டின் விசைப்படகுச் சட்டமே, பெட்ரோல் படகுகளின் என்ஜின் அறைக்குக் காற்றோட்டத்தையும், என்ஜின் காற்றை உள்ளிழுக்கும் வாயில் தீத்தடுப்பு வலையையும் கட்டாயமாக்கிவிட்டது. பிற்காலத்தில், சாவியைத் திருப்புமுன் நான்கு நிமிஷம் மின்விசிறியை ஓட்டுமாறு எச்சரிக்கும் அறிவிப்பும் படகிலேயே பொறிக்கப்பட்டது. நம் விசைப்படகுகள் டீசலில் ஓடுகின்றனவே, பெட்ரோலுக்கு விதித்த ஜாக்கிரதை நமக்கு எதற்கு என்று கேட்பாருண்டு. கேள்வி நியாயமானதே, ஆனால் அதைக் கேட்பவர்கள், அதே படகில் இருக்கும் சமையல் எரிவாயு உருளையை மறந்துவிடுகிறார்கள்.

தூத்தூர் முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலிலேயே தங்குகிறவர்களாதலின், சமையல் படகிலேயே நடந்தாகவேண்டும். அதில் ஆட்சேபம் கூற எவருக்கும் அதிகாரமில்லை. எனினும் அந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. வீட்டில் கசிந்தால் வாசற்படி தாண்டி வெளியேற வழியுண்டு, படகிலோ அது தண்ணீரைப் போலப் பள்ளம் தேடி இறங்கி, என்ஜினுக்கு அடியில் எண்ணெயும் கடல்நீரும் தேங்கும் குழியில் தங்கிவிடுகிறது. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அது கலந்தால் தீப்பொறி ஒன்று போதும். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு கிலோ வாயு ஏறத்தாழ 20 கன மீட்டர் காற்றை வெடிக்கும் கலவையாக்க வல்லது. சிறிய படகொன்றின் என்ஜின் அறை முழுவதற்கும் அதுவே தாராளம். தீப்பொறிக்கும் அங்கே பஞ்சமில்லை: ஸ்டார்ட்டர் மோட்டாரும் தளர்ந்த பாட்டரி முனையும் அதைத் தரும். போதாக்குறைக்கு, சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வேறு வெளிப்படுகிறது. வாயுவில் கலந்துள்ள துர்நாற்றம் எச்சரிக்குமே என்பர். டீசலும் மீனும் நாறும் இடத்தில் எந்த மூக்கு அதைப் பிரித்தறியும்?

டீசலும் நாம் நம்புகிற அளவுக்குச் சாதுவல்ல. கப்பல் என்ஜின்களுக்குப் பொதுவாக 60 பாகைக்குக் குறைந்த வெப்பத்தில் தீப்பற்றும் எண்ணெய் ஆகாதென்பது சர்வதேச விதி. சாலை வாகனங்களுக்கென நம் நாட்டில் விற்கப்படும் டீசலுக்கோ நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச எல்லை 35 பாகையே. விற்பனைக்கு வருவது பெரும்பாலும் இதைவிட மேலானதாகவே இருக்கக்கூடுமாயினும், நண்பகலில் என்ஜின் அறையின் உஷ்ணம் அந்த எல்லையை எளிதில் கடந்துவிடும். வெடித்த குழாயொன்றிலிருந்து பீறிடும் டீசல் கொதிக்கும் புகைப்போக்கியின் மேல் விழுமானால், பொறியே வேண்டியதில்லை. அப்போது பதற்றத்தில் மூடியைத் திறந்து கடல்நீரை வாரி ஊற்றுவது மனித சுபாவம். திறந்தவுடன் தீக்குப் பிராணவாயு கிடைக்கிறது, ஊற்றிய நீரின் மேல் எரியும் எண்ணெய் மிதந்து பரவுகிறது.

ஆகவே வருகிற தடைக்காலத்தின் பரிசோதனைப் படிவத்தில், எரிவாயு உருளை திறந்த மேல்தளத்தில், கசிந்தால் கடலுக்கே வழியும்படி வைக்கப்பட்டிருக்கிறதா, அறையின் அடியிலிருந்து காற்றை இழுத்து வெளியேற்றும், பொறி எழுப்பாத விசிறி உள்ளதா, எண்ணெயை அடைக்கும் திருகும், காலாவதியாகாத தீயணைப்புக் கருவியும் அறைக்கு வெளியே கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றனவா என்னும் கேள்விகளைச் சேர்க்கும்படி வேண்டுகிறேன். இச்செலவைப் படகுக்காரர் தலையில் மட்டும் சுமத்துவது தர்மமாகாது. டீசலுக்கு வரிவிலக்கு தருகிற அரசு, இந்த விசிறிக்கும் கருவிக்கும் மானியம் தரக் கடமைப்பட்டிருக்கிறது.

இங்ஙனம்,
கடற்கரை வாசி ஒருவன்