பத்தில் ஒரு பங்கு

ஒரு கொறங்காடு, அதாவது வேலியிட்ட மேய்ச்சல் காடு, வீட்டுமனை சைட்டாகும்போது முதலில் போவது அதன் கிளுவை வேலிதான். சென்ற ஆனி மாதம் தாராபுரம் சாலைப் பக்கம் அப்படியொரு காட்டில் நின்றிருந்தோம். பொக்லைன் ஒரே இழுப்பில் பத்தடி வேலியை வேரோடு வாரிப்போட்டது. நெஞ்சுயரத்துக்குப் பின்னிக் கிடந்த வேலி அது. மழைக்கு முன் கொம்பு வெட்டி நட்டு, தழைத்து, ஒன்றோடொன்று முள்ளால் கோத்துக்கொண்டு, ஆட்டுக்குட்டிகூட நுழைய முடியாதபடி இறுகுவதற்கு ஆண்டுகள் பல ஆகும். அது போவதற்கு அரை நாள்கூட ஆகவில்லை. மாலைக்குள் வெள்வேல மரங்கள் விறகு லாரியில் ஏறின. மறுநாள் போனபோது சுண்ணாம்பு பூசிய மனைக்கற்கள் வரிசையாக நின்றன.

உங்கள் காங்கேயத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று வெளியூர் நண்பர்கள் கேட்டால் சிவன்மலையைச் சொல்கிறோம், காங்கேயம் மாட்டைச் சொல்கிறோம். அந்த மாட்டை வளர்த்தெடுத்த நிலத்தைச் சொல்வதில்லை. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றியே மழை பெய்யும் மேட்டுநிலம் இது. அதில் கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து, இடையிடையே வெள்வேல மரங்களை விட்டு, சுற்றிலும் கிளுவை கட்டினார்கள் நம் முன்னோர். புல் காயும் கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து தீனியாகும். வேலி இருப்பதால் மேய்ப்பவர் கூடவே நிற்கத் தேவையில்லை. பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும் கன்று, மாதங்கள் கழிந்து வெளுத்து நிமிர்வது இந்த நிழலில்தான். காடையும் கௌதாரியும் முட்டையிடுவது இந்தப் புல்லில்தான். காங்கேயத்துக்குத் தோட்டம் என்று ஒன்று உண்டென்றால் அது கொறங்காடுதான்.

நமக்கு வரலாற்றுச் சின்னங்களும் உண்டு. ஆனால் அவற்றுக்குக் கோபுரமில்லை. வடக்கே நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலை இன்று மாவட்டக் கோடு ஈரோட்டில் வைத்திருக்கிறது. மண்ணால் அது நம்முடையதே. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் இதுவென்பது அறிஞர் கருத்து. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள், பாதி வேலையில் நின்றுபோன கல்மணிகள், தமிழ்ப் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகள் எல்லாம் வெளிவந்தன. நூல் நூற்ற சுடுமண் தக்களிகளும் கிடைத்தன. பனியன் கம்பெனிகளுக்கு ஈராயிரம் ஆண்டு முன்பே இந்த ஆற்றங்கரையில் நூல் ஓடியிருக்கிறது. திருப்பூர் போகும் வழியில் நாம் பஸ்ஸில் கடந்துபோகும் படியூர், பெரில் கல் தோண்டிய ஊர். உழவிலும் கல் எடுப்பிலும் கலைந்துபோன கல்வட்டங்கள் கொங்கெங்கும் உண்டு. மிஞ்சியவற்றில் பல இப்படிப்பட்ட மேய்ச்சல் காடுகளுக்குள்தான் கிடக்கின்றன. காட்டைச் சமன் செய்யும்போது கல்லும் சேர்ந்தே போகிறது.

காட்டை விற்றவர்களை நாம் குறை சொல்லவில்லை. எருது பூட்டிக் கவலை இறைத்த காலம் போய் மோட்டார் வந்தது. உழவுக்கு டிராக்டர் வந்தது. எருதுக்கு வேலை இல்லாமல் போனது. பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். மகள் கல்யாணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் நாலு ஏக்கர் காடுதான் கைகொடுக்கிறது. அவர்களிடம் விற்காதீர்கள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

ஆனால் விற்ற பிறகும் நம் கையில் ஒன்று மிஞ்சுகிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக எஞ்சிய நிலத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது விதி. பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும் திறந்தவெளிகளும் எவை என்று உள்ளாட்சி பட்டியலிட்டுக் காக்க வேண்டும் என்று 1959ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அந்தப் பத்தில் ஒரு பங்கு இன்று எப்படி இருக்கிறது? வரைபடத்தில் பச்சை வண்ணம், தரையில் சீமைக்கருவேலமும் குப்பையும். கொஞ்ச காலம் கழித்து ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி, இன்னொரு மூலையில் ரேஷன் கடை.

இதில் சென்னை நமக்கு ஒரு பாடம். 1859இல் ஆளுநர் டிரெவிலியன் காலத்தில், இன்றைய சென்ட்ரல் நிலையத்தை ஒட்டி 116 ஏக்கரில் மக்கள் பூங்கா உருவானது. பிறகு விக்டோரியா மண்டபம் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, ரிப்பன் கட்டடம் வந்தது, விளையாட்டரங்கம் வந்தது. எல்லாம் ஊருக்குத் தேவையானவைதான். ஒவ்வொரு முறையும் நல்ல காரியத்துக்காகவே கொஞ்சம் நிலம் எடுத்தார்கள். அப்படியே பூங்காவில் பெரும்பகுதி தீர்ந்துபோனது. மூர் மார்க்கெட்டும் 1985இல் எரிந்தது. பொது நிலத்தைப் பகைவர் மட்டும் அழிப்பதில்லை, நல்ல காரணங்களும் அழிக்கும்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். காங்கேயம் நகராட்சியும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் தம்மிடம் உள்ள பொது ஒதுக்கீட்டு இடங்களின் பட்டியலைப் புல எண்ணோடு அலுவலக வாசலில் ஒட்டட்டும். புதிய மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டு வரும்போது, பொக்லைன் இறங்குவதற்கு முன்பே, வெள்வேலமும் கிளுவையும் நிற்கும் பாகம் எதுவோ, கல்வட்டமோ நடுகல்லோ கிடக்கும் பாகம் எதுவோ, அதையே அந்தப் பத்தில் ஒரு பங்காகக் குறிக்கட்டும். சிமென்ட் பெஞ்சும் வெளிநாட்டுப் புல்லும் நீரூற்றும் வேண்டாம். இருக்கும் மரத்தை நிற்க விட்டு, வேலியை இருக்க விட்டு, ஒரு கடவு வைத்தால் போதும். நட்டு நீரூற்றி வளர்க்க வேண்டியதில்லை. மழையே பார்த்துக்கொள்ளும். சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்து முடித்த பிறகு நீதிமன்றம் போன ஊர்க்காரர்கள் நாம். இந்த முறையாவது இழப்பதற்கு முன்பே கேட்போம்.

நம் பங்குக்கு நாமும் ஒன்று செய்கிறோம். உங்கள் ஊரில் மிஞ்சியிருக்கும் கிளுவை வேலி, வயதான வெள்வேலம், நடுகல், கல்வட்டம் எதுவானாலும் இருக்கும் இடத்தோடு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து ஊர் ஊராக அச்சிடுவோம்.

அன்று பொக்லைன் வாரிப்போட்ட குவியலிலிருந்து நாலைந்து கிளுவைக் கொம்புகளை எடுத்து வந்து இதழ் அலுவலகத்தின் பின்புறம் ஊன்றி வைத்தோம். ஐப்பசி மழைக்கு மூன்று கொம்புகள் துளிர்த்திருக்கின்றன. வேலி கட்ட வேண்டும் என்பவர்கள் வந்து வெட்டிக்கொண்டு போகலாம்.

— ஆசிரியர்